மாஸ்டர் சாப்பிட்ட பழம்

மாஸ்டர் இரண்டு கைகளையும் தோள் உயரத்துக்கு விரித்தபோது பந்து இன்னும் வீசப்படவே இல்லை.

வீச வேண்டிய ஆங்கிலேயர் குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தார். மட்டையோடு நின்ற என் கணவர் மூக்கைச் சொறிந்துகொண்டிருந்தார். நடுவர் எதற்காக 'வைட்' காட்டுகிறார் என்று யாருக்கும் விளங்கவில்லை. எல்லோரும் அவர் பார்த்த திசையில் திரும்பினோம். துறைமுகத்திலிருந்து ஓர் உல்லாசக் கப்பல், ஒரு தெருவையே தூக்கி நிறுத்தியதுபோல, ஊதிக்கொண்டு கடலுக்குள் போய்க்கொண்டிருந்தது.

"நல்லா விலத்திப் போகுது," என்றார் மாஸ்டர். "வைட்."

ஸ்கோர் புத்தகத்தோடு என் பக்கத்தில் இருந்த மகள் ஆரணி பேனையைத் தூக்கிப் பிடித்தபடி கேட்டாள்: "அம்மா, கப்பலுக்கு ஒரு ரன் போடுறதோ?"

மெதுவாகத் திரும்பிப் பின்னால் இருந்த மேசையைப் பார்த்தேன். இடைவேளைக்கு முன் பழம் நிறைந்திருந்த பெரிய கண்ணாடிக் கிண்ணம் வெறுமையாக இருந்தது. அடியில் ஒரே ஒரு தோடம்பழத் துண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் மாஸ்டரின் மடித்த கைக்குட்டை.

அந்த நிமிடத்தில் என் மகளின் கலியாணம் அந்தக் கப்பலோடு சேர்ந்து போய்விட்டது என்றே நினைத்தேன்.

இது பழச்சாலட் இல்லை

பகேரியா ரயிலில் தூங்கிப்போய், இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி நான்கு ஸ்டேஷன் போன கதையைப் போன வாரம் எழுதியிருந்தேன். அதை வாசித்த ஒரு சகோதரி, "மானம் போகிற கதைகள் உங்களிடம் இன்னும் இருக்கின்றனவா?" என்று கேட்டிருக்கிறார். இருக்கின்றன சகோதரி. ரயில் கதை அதில் மிகச் சிறியது.

இதை எழுத மாஸ்டரிடம் முறைப்படி அனுமதி வாங்கியிருக்கிறேன். அவர் போட்ட ஒரே நிபந்தனை, தன் பெயரைப் போடக்கூடாது, 'மாஸ்டர்' என்று மட்டும் எழுத வேண்டும் என்பது. இத்தாலியில், நாங்கள் இருக்கும் இந்தப் பலேர்மோவில் எல்லோரும் மாஸ்டர் என்று கூப்பிடுவது அவர் ஒருவரைத்தான் என்பது அவருக்கு அப்போது தோன்றவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை.

நான் வேலை செய்யும் வீடு நகரத்தின் பழைய பகுதியான கால்சாவில் இருக்கிறது. பழைய மாளிகை ஒன்றின் இரண்டாம் மாடி. வீட்டுக்காரி ஆங்கிலேயப் பெண்மணி, பெயர் டோரத்தி. நான் இத்தாலியர்போலச் சிஞ்ஞோரா, அம்மணி, என்றுதான் கூப்பிடுவேன். இளவயதில் ஒரு மாத விடுமுறைக்குப் பலேர்மோ வந்தவர், இன்னும் திரும்பிப் போகவில்லை. வந்த டிக்கெட்டின் திரும்பும் பாதியை மேசை லாச்சிக்குள் வைத்திருக்கிறார். "முடிவு செய்யவில்லை, மாலார்," என்பார். மலர் என்ற என் பெயர் அவர் வாயில் அப்படித்தான் நீளும்.

ஒவ்வொரு ஜூன் மாதமும் சிஞ்ஞோராவின் சொந்தக் கிராமத்திலிருந்து ஒரு கிரிக்கெட் குழு வரும். பன்னிரண்டு பேர். அதில் எட்டுப் பேர் ஓய்வூதியக்காரர்கள். கால்சாவின் கடற்கரைப் புல்வெளியில் எங்கள் தமிழ்ப் பொடியன்களோடு ஒரு சனிக்கிழமை விளையாடுவார்கள். எங்கள் பொடியன்களுக்கு அது விளையாட்டு. சிஞ்ஞோராவுக்கு அது ஒரு சாட்டு. அவருக்கு முக்கியம், இடைவேளையில் கொடுக்கும் பிம்ஸ்.

பிம்ஸ் என்றால் இப்படி. தேநீர்ச் சாயம்போல ஒரு மதுப் போத்தல். அதில் ஒரு பங்குக்கு மூன்று பங்கு 'லெமனேட்' விட வேண்டும். இங்கிலாந்தில் லெமனேட் என்றால் தேசிக்காய்ச் சாறு இல்லை, வெள்ளைச் சோடா. இது தெரியாமல் முதல் வருடம் நான் நாற்பது தேசிக்காய் பிழிந்தேன். குடித்த ஆங்கிலேயர்களின் முகம் போன போக்கை இப்போதும் மறக்கவில்லை. இத்தாலியில் அதற்குச் சரியான சாமான் கசோசா என்று கடையில் விற்கும் இனிப்புச் சோடாதான் என்று அடுத்த வருடம் கண்டுபிடித்தோம்.

பிறகு பழம். ஸ்ட்ரோபெரி, தோடம்பழம், புதினா. அதோடு, கவனியுங்கள், கெக்கரிக்காய், அதாவது வெள்ளரி. "சிஞ்ஞோரா, இது சம்பலுக்குப் போடுறது," என்று நான் சொல்லிப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், ஏதோ ராணியின் மணிமுடியில் பிழை கண்டுபிடித்தவள்போல ஆனேன்.

சட்டங்கள் இன்னும் உண்டு. ஜக்கில்தான் கலக்க வேண்டும். கண்ணாடிக் குவளையில்தான் கொடுக்க வேண்டும். நின்றுகொண்டு குடிக்க வேண்டும். இருந்து குடித்தால் அது வேறு பானமாகிவிடுமாம். புதினாகூடப் பின்னால் வந்த பழக்கம்தானாம், ஆதியில் போட்டது பொராஜினே என்ற மயிர் முளைத்த கீரையும் அதன் நீலப் பூவுமாம். சிசிலிக்காரர்கள் அதை அவித்துச் சாப்பிடுவார்கள். ஜூனில் இங்கே அந்தப் பூ இருக்காது. ஆகவே சிஞ்ஞோரா மார்ச்சிலேயே பூக்களைப் பறித்து, ஐஸ்கட்டிக்குள் ஒவ்வொன்றாக உறைய வைத்து, என் மீன் துண்டங்களை ஒதுக்கிவிட்டு, பிரிட்ஜின் ஐஸ் பெட்டியில் அடுக்குவார்.

முன்னொரு காலத்தில் லண்டனில் சிப்பிக் கடை வைத்திருந்த ஒருவர், சாப்பிட்டது செரிக்கட்டும் என்று கலந்து கொடுத்த பானமாம் இது. "மருந்து, மாலார், மருந்து," என்பார் சிஞ்ஞோரா மூன்றாவது குவளையின்போது.

என் கணவர் தேவன் இதற்கு 'பீமசேனன்' என்று பெயர் வைத்திருந்தார்.

ஒரு கிளாஸ், எட்டு மாதம்

மாஸ்டர் யாழ்ப்பாணத்தில் கணிதம் படிப்பித்தவர். இங்கே வந்து ஓர் அலுவலகக் கட்டடத்தின் காவலாளியாக இருந்து, சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறார். சுத்த சைவம். மதுவின் வாசம்கூடத் தெரியாதவர். தெரியாது என்றால் உண்மையிலேயே தெரியாது. பீனிச வருத்தத்தால் அவர் மூக்கு வேலைநிறுத்தம் செய்து பல வருடங்கள் ஆகின்றன.

அவருடைய மகன் கஜன் துறைமுகத்தில் சரக்குப் பகுதியில் வேலை செய்கிறான். எங்கள் கிரிக்கெட் குழுவின் தலைவன். அவனும் எங்கள் ஆரணியும் ஒருவரையொருவர் விரும்புகிறார்கள். இரண்டு வீட்டுக்கும் தெரியும். சாதகம்கூடப் பொருந்திவிட்டது. மாஸ்டர்தான் பொருந்தவில்லை.

காரணம் என் கணவர் கையில் இருந்த ஒரு கிளாஸ். யாரோ ஒருவரின் பிறந்தநாள் மண்டபத்தில், ஒரு விரற்கடை சிவப்பு வைனோடு இவர் நின்றதை மாஸ்டர் தூணுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பார்த்துவிட்டார். மறுநாள் கஜனிடம், "குடி இருக்கிற வீடு. யோசிச்சுத்தான் சொல்லவேணும்," என்றாராம். யோசிக்கத் தொடங்கி எட்டு மாதம்.

அந்த எட்டு மாதமும் என் கணவர் பச்சைத் தண்ணீர் மனிதனாக வாழ்ந்தார். எந்த விழாவுக்குப் போனாலும் தண்ணீர்க் கிளாஸை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு மாஸ்டருக்கு முன்னால் இரண்டு தரம் நடப்பார். ஒருமுறை சலங்கை கட்டிய மாடுபோல மூன்றாவது தரமும் போனதால், மாஸ்டர், "தேவன், உங்களுக்கு என்ன, சலரோகமோ? ஓயாமல் தண்ணி குடிக்கிறியள்," என்று கேட்டார்.

இந்த நிலைமையில் மாஸ்டர் நடுவராக நிற்கும் மைதானத்தில் நான் மது பரிமாற வேண்டும். எனக்குப் பயமாக இருந்தது. கஜனிடம் கேட்டேன்.

"அன்ரி, அது உங்கடை வேலை. அப்பா வேலையை ஒண்டும் சொல்லமாட்டார்," என்றான். "ஆனா மேசையைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கோ."

தள்ளித்தான் போட்டேன்.

சருவச்சட்டி

பிழை நான் விட்டது. அதில் மறைக்க ஒன்றுமில்லை.

பழத்தைக் கடைசி நிமிடத்தில்தான் வெட்டிப் போட வேண்டும் என்பது சிஞ்ஞோராவின் சட்டம். ஆனால் முந்தைய வருடம் வெயிலில் ஸ்ட்ரோபெரி எல்லாம் கசங்கிப்போனது. போட்டி நாளில் எண்பது சான்ட்விச் வேறு செய்ய வேண்டும். எனக்கு ஒரு யோசனை வந்தது. கிறிஸ்துமஸ் கேக்குக்கு எங்கள் ஊரில் பழங்களைப் பிராந்தியில் ஊறப் போடுவோமே, அதுபோலச் செய்தால் என்ன? பழமும் கெடாது, வேலையும் முடிந்துவிடும்.

வெள்ளிக்கிழமை மத்தியானமே பெரிய சருவச்சட்டியில் பழங்களை வெட்டிக் குவித்தேன். பிம்ஸ் இரண்டு போத்தலையும் அப்படியே கவிழ்த்தேன். கசோசா ஒரு சொட்டும் இல்லை. மூடி, மேலே அம்மிக்குழவி வைத்தேன்.

சனிக்கிழமை திறந்து பார்த்தபோது பழங்கள் எல்லாம் மினுங்கின. சட்டியில் திரவம் பாதியாகக் குறைந்திருந்தது. ஆவியாகிப் போயிருக்கும் என்று நினைத்தேன். கணித வாத்தியார் வீட்டில் சம்பந்தம் கேட்கிறவளுக்கு இருந்த மூளை அவ்வளவுதான்.

மிஞ்சிய திரவத்தை ஜக்குகளில் விட்டுக் கசோசா கலந்தேன். பழத்தைத் தனியாகக் கண்ணாடிக் கிண்ணத்தில் எடுத்து வைத்தேன், ஒவ்வொரு குவளைக்கும் மேலே ஒரு கரண்டி போடலாம் என்று. மாஸ்டருக்காகப் பிளாஸ்கில் தேசிக்காய்த் தண்ணீர், தனியாக. பேரும் எழுதி ஒட்டினேன். அவர் சாப்பிட உருளைக்கிழங்கு அடைத்துப் பொரித்த பற்றிஸ், தனியாக, ஒரு தகர டப்பாவில். அந்த டப்பாவைத் தூக்கி வரும் பொறுப்பை என் கணவரிடம் கொடுத்தேன்.

அவர் தன்னுடைய கிரிக்கெட் கால் காப்புகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். டப்பா வீட்டில் இருந்தது.

இடைவேளை

ஆங்கிலேயர்கள் முதலில் விளையாடி நூற்றுப் பன்னிரண்டு எடுத்தார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. இடைவேளைக்கு எல்லோரும் மேசையை நோக்கி ஓடிவந்தார்கள். சிஞ்ஞோரா தொப்பியோடு ஜக்கைத் தூக்கி, "கோடையின் முதல் குவளை!" என்று அறிவித்தார். ஐஸ்கட்டிக்குள் நீலப் பூக்கள் மிதந்தன. எங்கள் பொடியன்கள் படம் எடுத்தார்கள்.

நான் குவளைகளோடு அங்கும் இங்கும் ஓடிக்கொண்டிருந்தேன். பின்னால் நடந்ததை என் கணவர் பிறகு சொல்லித்தான் அறிந்தேன்.

மாஸ்டர் மேசைக்கு வந்திருக்கிறார். சான்ட்விச்சில் பாதி முட்டை, பாதி ரூனா மீன். கெக்கரிக்காய் சான்ட்விச் சைவம்தான் என்று கையை நீட்டியபோது, சிஞ்ஞோரா பெருமையோடு, "நெத்தலி விழுது தடவியிருக்கிறது!" என்று சொல்லியிருக்கிறார். மாஸ்டர் கையை இழுத்துக்கொண்டார். காலையில் ஒரு தேநீரோடு வந்த மனிதர்.

அவர் கண் பழக் கிண்ணத்தில் விழுந்தது.

"தேவன், இது சும்மா பழமோ?"

"ஓம் மாஸ்டர், பழம்தான். மலர் நேற்று முழுக்க இருந்து வெட்டினவ. நல்லாப் போட்டுச் சாப்பிடுங்கோ."

சம்பந்திக்கு உபசாரம் செய்ய எட்டு மாதத்தில் கிடைத்த முதல் சந்தர்ப்பம். இவர் விடுவாரா? சூப்புக் கோப்பை ஒன்றை எடுத்து, குவித்து, கையில் கொடுத்திருக்கிறார். மாஸ்டர் சாப்பிட்டுவிட்டு, "நல்ல பாகிலை போட்டிருக்கிறா. கொஞ்சம் காரமா இருக்கு. இஞ்சியோ?" என்று கேட்டாராம்.

"இஞ்சிதான் மாஸ்டர்," என்றாராம் இவர், எதுவும் தெரியாமல். இரண்டாவது கோப்பை. பிறகு மூன்றாவது. "கெக்கரிக்காய்தான் நல்லாப் பிடிச்சிருக்கு," என்று பாராட்டியும் இருக்கிறார்.

அங்கே பன்னிரண்டு ஆங்கிலேயர்களும் சோடாத் தண்ணீர்போலிருந்த ஒன்றை நின்றுகொண்டு குடித்து, இந்த முறை கொஞ்சம் மென்மை என்று தங்களுக்குள் கதைத்துக்கொண்டார்கள்.

ஒன்பது பந்து ஓவர்

எங்கள் ஆட்டம் தொடங்கி முதல் பத்து ஓவர் ஒன்றும் தெரியவில்லை. மாஸ்டர் வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகச் சிரித்தார், அவ்வளவுதான். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை என்பதால், பல்வலி என்று நினைத்தோம்.

பிறகு ஒரு ஓவரில் ஒன்பது பந்து போனது. மற்ற முனையில் நின்ற ஆங்கிலேய நடுவர் பணிவாக விரல்களைக் காட்டினார். "ஆறு ஒரு நல்ல எண். ஒன்பது அதைவிட நல்ல எண்," என்று மாஸ்டர் விளக்கம் கொடுத்தார், தமிழில். அந்த மனிதர் தலையாட்டினார்.

எல்பிடபிள்யூ கேட்ட ஒருவரைக் கூப்பிட்டு, பெயில் கட்டையால் தரையில் முக்கோணம் கீறி, பந்து இந்தக் கோணத்தில் வந்தால் அந்தக் கோணத்தில்தான் போகும் என்று நிறுவிக் காட்டினார். ஆங்கிலேயர்கள் வட்டமாக நின்று பார்த்தார்கள். இறுதியில் ஒருவர் கைதட்டினார்.

பிறகுதான் கப்பல் வந்தது.

"அம்மா, மாமாவுக்கு வெயில் அடிச்சிட்டுது போல," என்றாள் ஆரணி. "தண்ணி குடுப்பம், தாய்." அவளுக்கு அவசரம் வந்தால் இத்தாலியன் 'தாய்' வரும். சீக்கிரம் என்று அர்த்தம்.

"வெயில் இல்லை பிள்ளை," என்றேன். கிண்ணத்தைக் காட்டினேன். "பீமசேனன்."

அவள் கிண்ணத்தைப் பார்த்தாள். மாஸ்டரைப் பார்த்தாள். ஸ்கோர் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. தோள் குலுங்கியது.

கடைசிப் பந்து

கடைசி விக்கெட். ஒரு முனையில் கஜன், மறுமுனையில் என் கணவர். இரண்டு ஓட்டம் எடுத்தால் வெற்றி. ஒரு பந்து மிச்சம், மாஸ்டரின் கணக்கில்.

வீசியவர் அந்தக் கிராமத்தின் பல் மருத்துவர். பெரிய உடம்பு, மெல்லிய பந்து. அது மேலே போய், யோசித்து, கீழே வந்து என் கணவருடைய கால் காப்பில் 'தொப்' என்று விழுந்தது. ஆங்கிலேயர்கள் எல்லோரும், சிஞ்ஞோரா உட்பட, ஒரே குரலில் கத்தினார்கள்.

மாஸ்டர் விரலைத் தூக்கவில்லை. இடத்தைவிட்டு நடக்கத் தொடங்கினார். ஆடுகளத்தின் நடுவால், நேர்கோட்டில் நடப்பதாக நினைத்துக்கொண்டு, நடந்தார். கஜன் பதறி, "அப்பா, எங்கை போறியள்?" என்றான். அவர் கேட்கவில்லை. என் கணவருக்கு முன்னால் வந்து நின்று, இரண்டு தோளிலும் கை வைத்தார்.

ஐஸ்கிறீம் வண்டிக்காரர்கூடப் பாட்டை நிறுத்திவிட்டார்.

"தேவன், எட்டு மாசமா யோசிச்சனான்," என்றார் மாஸ்டர், கடலுக்கே கேட்கும் குரலில். "நீங்கள் நல்ல மனுசன். உங்கடை மனுசி நல்லாப் பழம் வெட்டுவா. பிள்ளை தங்கமான பிள்ளை. எனக்குப் பூரண சம்மதம்."

என் கணவருக்குக் கண் கலங்கிவிட்டது. "மாஸ்டர்..."

மாஸ்டர் அவர் கன்னத்தில் தட்டினார். பிறகு விரலை உயரத் தூக்கினார்.

"சம்பந்தி, நீங்கள் அவுட்."

கஜன் மட்டையை எறிந்துவிட்டு ஓடிவந்தான். ஆரணி ஸ்கோர் புத்தகத்தை எறிந்துவிட்டு ஓடினாள். ஆங்கிலேயர்கள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்தார்கள். எங்கள் பொடியன்களுக்குத் தோற்றதற்கு அழுவதா, சம்பந்தம் கூடியதற்குச் சிரிப்பதா என்று தெரியவில்லை. மாஸ்டர் இதற்கு நடுவில் புல்லில் உட்கார்ந்து, கால் காப்புகளைத் தலைக்கு வைத்து, தேவாரமோ பழைய சினிமாப் பாட்டோ ஏதோ ஒன்றைப் பாடியபடி நித்திரையாகிப்போனார்.

அன்று பின்னேரம் எங்கள் வீட்டில் இரண்டு கட்சி.

"பேசாமல் இரும்," என்றார் என் கணவர். "அவர் ஊருக்கு முன்னாலை ஓம் எண்டு சொல்லிட்டார். வெயில் எண்டே இருக்கட்டும்."

"மதுவெண்டால் வாசல்படி மிதிக்காத மனுசன். நான் ஊட்டிவிட்டிருக்கிறன். சொல்லாமல் என்னெண்டு அந்த வீட்டிலை பிள்ளையைக் குடுக்கிறது?"

ஆரணி நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். கடைசியில், "சொல்லுங்கோ அம்மா," என்றாள். சொன்ன கையோடு அழத் தொடங்கினாள். சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்கும் தெரியும்.

இவர் நெடுநேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "போறதெண்டால், அந்த எல்பிடபிள்யூவைப் பற்றியும் ஒருக்கா கேளும். பந்து வெளியாலை போனது."

ஞாயிறு மத்தியானம்

மாஸ்டர் வீடு மூன்றாம் மாடி. லிஃப்ட் இல்லை. ஒவ்வொரு படியிலும் ஒரு வசனத்தைத் தயார் செய்தேன். கதவு திறந்ததும் எல்லாம் மறந்துவிட்டது.

திறந்தவர் மாஸ்டரின் மனைவி லீலாக்கா. "வாரும் மலர். இவருக்கு வெயில் குடுத்திட்டுதாம்," என்றார். முகத்தில் எதுவும் தெரியவில்லை.

மாஸ்டர் இடுப்பில் சாறத்தோடு, தலையில் ஈரத்துவாயோடு சாய்மனைக் கதிரையில் கிடந்தார். யன்னல்கள் சாத்தியிருந்தன. நான் இருக்கவில்லை. நின்றபடியே சொன்னேன். வெள்ளிக்கிழமை, சருவச்சட்டி, இரண்டு போத்தல், அம்மிக்குழவி, எல்லாவற்றையும். பற்றிஸ் டப்பாவையும் சொன்னேன். சொல்லிமுடிக்க எனக்கு மூச்சு வாங்கியது.

மாஸ்டர் கண்ணைத் திறக்கவில்லை.

"எத்தினை மணித்தியாலம் ஊறினது?"

"இருபதுக்கு மேலை, மாஸ்டர்."

"சட்டியிலை மிஞ்சின தண்ணி எவ்வளவு?"

"ஒரு போத்தில் வரும்."

கண்ணைத் திறந்தார். பக்கத்துச் சுவரிலிருந்து நாட்காட்டித் தாள் ஒன்றைக் கிழித்தார். பின்பக்கத்தில் எழுதினார். வகுத்தார். ஒன்றை வெட்டித் திரும்ப எழுதினார்.

"அப்ப மற்றப் போத்தில் பழத்துக்குள்ளை. பழத்திலை மூண்டிலை ரெண்டு பங்கு எனக்குள்ளை." பென்சிலைக் கீழே வைத்தார். "நேற்று அந்த மைதானத்திலை வெறியோடை நிண்டது நான் ஒராள்தான்."

சமையலறையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. லீலாக்கா எதையோ கீழே போட்டுவிட்டாரோ என்று நினைத்தேன். பிறகுதான் அது சிரிப்பு என்று விளங்கியது. சேலைத் தலைப்பை வாய்க்குள் அடைத்துக்கொண்டும் அடக்க முடியாத சிரிப்பு.

மாஸ்டர் அதைக் கேட்காத மாதிரி இருந்தார்.

"அந்த நிலைமையிலை நான் சொன்ன ஒரு சொல்லும் செல்லாது," என்றார்.

எதிர்பார்த்துத்தான் வந்தேன். ஆரணியின் முகம் வந்துபோனது. கைப்பையை எடுத்தேன்.

"இருங்கோ. முதல் தேவன்ரை விக்கெட். அது லெக் பக்கத்தாலை போன பந்து. நொட் அவுட். அந்த வெள்ளைக்காரருக்கு நான் மன்னிப்புக் கடிதம் எழுதவேணும்."

"சரி மாஸ்டர்."

"மற்றது."

அவர் எழும்பினார். துவாயைத் தலையிலிருந்து எடுத்து மடித்தார். உள்ளே போய்ச் சேட் போட்டுக்கொண்டு வந்தார். கழுத்துப் பொத்தான்வரை பூட்டினார், அந்தப் புழுக்கத்தில். கதிரையில் சாயாமல் நேரே இருந்தார்.

"எட்டு மாசம் உங்களைக் காக்கவைச்சது நான். ஒரு மனுசன்ரை கையிலை இருந்த கிளாசை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தனான்." சேட்டின் கையை இழுத்துவிட்டார். "நீங்கள் வந்து சொல்லாட்டி, எனக்கு வெயில்தான். ஆருக்கும் தெரிஞ்சிராது."

எடுத்த கைப்பையைத் திரும்பக் கீழே வைத்தேன்.

"இப்ப தெளிவோடை கேக்கிறன், மலர். எங்கடை கஜனுக்கு உங்கடை ஆரணியைத் தாறதுக்கு உங்களுக்குச் சம்மதமோ?"

மாப்பிள்ளையின் தகப்பன், மாஸ்டர், என்னிடம் கேட்கிறார். பதில் சொல்ல வாய் திறந்தேன். அழுகைதான் வந்தது. 'ஓம்' என்ற ஒரு சொல்லைச் சொல்ல நான் எடுத்த நேரத்தில் அவர் தலையிடி தாங்காமல் துவாயைத் திரும்பவும் எடுத்துக் கட்டிக்கொண்டார்.

லீலாக்கா என்னைப் படிவரை கொண்டுவந்து விட்டார். கதவை மெல்லச் சாத்தினார். கையைப் பிடித்து, உள்ளே கேட்காதபடி குரலைத் தாழ்த்தினார்.

"மலர், கலியாணம் கட்டி இவ்வளவு வருசத்திலை நேற்றுத்தான் இந்த மனுசன் என்னைப் பார்த்து ஒரு பாட்டுப் பாடினது. முழுப் பாட்டு. கையும் அசைச்சவர்." அவர் முகம் சிவந்திருந்தது. "அந்தப் பழம் மிச்சம் இருக்கோ?"

"இல்லை அக்கா. முழுக்க முடிஞ்சுது."

அவர் சாத்திய கதவை ஒருதரம் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப கொஞ்சமா ஊறப் போட்டு வையும்," என்றார். "கெக்கரிக்காய் கூடுதலா."